பல்லவியை நம்பிப் பாட்டு எடுக்காதீர்கள்

சமூக மன்றத்துத் தீபாவளி விருந்தானாலும் சரி, புளோக்குக்குக் கீழே வெற்றுத்தளத்தில் நடக்கும் பிறந்தநாள் நிகழ்ச்சியானாலும் சரி, ஒரு காட்சி தவறாமல் கிடைக்கும். பாடுபவர் பல்லவியை அருமையாக எடுப்பார். கைதட்டல் விழும். இடையிசை முடிந்து சரணம் தொடங்கும். மூன்றாவது வரியில் மெட்டு ஏற ஏற, அவர் தாடையும் கூடவே ஏறும், கழுத்து நரம்பு புடைக்கும். உச்சிச் சுரம் வரும்போது ஒன்று குரல் கிழியும், இல்லாவிட்டால் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டி "எல்லாரும் பாடுங்க!" என்று தப்பித்துக்கொள்வார்.

குரல் நல்ல குரல்தான். வீட்டில் பல்லவியை மட்டும் முணுமுணுத்துப் பார்த்துவிட்டு "இது நமக்கு வரும்" என்று முடிவு கட்டியதில் வந்த வினை இது.

தமிழ்த் திரைப்பாட்டின் அமைப்பு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: பல்லவி மத்திய ஸ்தாயியில், அதாவது குரலின் நடுப்பகுதியில், நிதானமாக உலவும். சரணத்தின் முதல் இரண்டு வரி அதே இடத்திலோ சற்று மேலேயோ நிற்கும். அப்புறம் படிப்படியாக ஏறி, பல்லவிக்குத் திரும்புவதற்குச் சற்று முன்னால் தார ஸ்தாயியில், அதாவது மேல்பகுதியில், ஓர் உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கும். எடுத்த எடுப்பிலேயே உச்சியில் தொடங்கும் பாட்டுகளும் உண்டு. அவை நேர்மையானவை, முதல் வரியிலேயே ஆளைப் பயமுறுத்தி அனுப்பிவிடும். ஆபத்து, அமைதியாகத் தொடங்கும் மெலடிகளில்தான். ஆகவே ஒரு பாட்டைச் சோதிப்பதென்றால் முதலில் சரணத்தின் கடைசிப் பாதியைப் பாடிப் பாருங்கள். அது வந்தால் மற்றதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அதற்கு முன்னால் உங்கள் குரல் எங்கிருந்து எங்கே வரை போகும் என்று தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் கீபோர்டோ ஆர்மோனியமோ இருந்தால் நல்லது. இல்லையென்றால் கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் டியூனர் செயலி போதும். நீங்கள் பாடும் சுரத்தை அது எழுத்தும் எண்ணுமாகக் காட்டும். நடு சி என்பது சி 4. அதற்கு ஒரு ஸ்தாயி கீழே சி 3. ஒரு சி-யிலிருந்து அடுத்த சி வரை உள்ள தூரம்தான் ஒரு ஸ்தாயி. கர்நாடகக் கணக்கில் சி ஒரு கட்டை, டி இரண்டு, ஈ மூன்று, எஃப் நாலு, ஜி ஐந்து, ஏ ஆறு, பி ஏழு. இடையில் வரும் கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. மூன்றரை கிடையாது, ஏனென்றால் ஈ-க்கும் எஃப்-க்கும் நடுவில் கறுப்புக் கட்டையே இல்லை. எட்டுக் கட்டை என்பது மேல் ஸ்தாயி சி. "அவர் எட்டுக் கட்டையில் பாடுவார்" என்று நம் பெரியவர்கள் வியந்து சொல்வது இதைத்தான். வெள்ளையோ கறுப்போ, அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையிலுள்ள தூரத்தை அரைச்சுரம் என்போம். ஒரு ஸ்தாயிக்கு 12 அரைச்சுரம். கரவோக்கே கருவியில் ஒருமுறை அழுத்தினால் நகர்வதும் பொதுவாக ஓர் அரைச்சுரம்தான்.

சோதனையைக் காலையில் எழுந்ததும் செய்யாதீர்கள். தூங்கி எழுந்த குரல் தடித்து, வழக்கத்தைவிடக் கீழே இருக்கும். ஆண்களெல்லாம் தங்களைப் பெரிய கனத்த குரல்காரர்கள் என்று நம்பிவிடும் நேரம் அது. மாலையில், ஐந்து நிமிடம் வாயை மூடி 'ம்ம்ம்' என்று மேலும் கீழும் இழைத்து, உதடுகளைப் படபடவென்று அதிரவிட்டுக் குரலைச் சூடேற்றிக்கொண்டு தொடங்குங்கள்.

சௌகரியமான ஒரு சுரத்திலிருந்து 'ஆ' என்று ஒவ்வொரு அரைச்சுரமாக இறங்குங்கள். ஒவ்வொன்றிலும் நாலு விநாடி நிற்க வேண்டும். குரல் கரகரவென்று கதவுக் கீல்போல் ஒலிக்கத் தொடங்கினால் அதற்கு முந்தைய சுரம்தான் உங்கள் தரை. பிறகு அதேபோல் ஏறுங்கள். தாடையைத் தூக்கக்கூடாது, தோளை உயர்த்தக்கூடாது. ஓர் இடத்தில் குரல் மெலிந்து சட்டென்று வேறு குரலுக்குத் தாவும். அதைக் கள்ளக் குரல் என்பார்கள். தாவுவதற்கு முந்தைய சுரம்தான் உங்கள் கூரை. பயிற்சி இல்லாத பெரும்பாலோருக்குத் தரையிலிருந்து கூரை வரை ஒன்றரையிலிருந்து இரண்டு ஸ்தாயி இருக்கும்.

இந்த எண்களை அப்படியே நம்பிவிடவும் கூடாது. குளியலறையில் ஒருமுறை எட்டிய சுரத்தை மேடையில் நாலு வரிக்கு ஒருமுறை எட்ட முடியாது. மேலே இரண்டு அரைச்சுரத்தையும் கீழே இரண்டையும் கழித்துவிடுங்கள். மிச்சம்தான் செலவு செய்யக்கூடிய கையிருப்பு. சாப்பிட்ட பிறகு, நின்றுகொண்டு, படபடப்போடு பாடுவதாக இருந்தால் மேலே இன்னும் ஒன்றைக் கழிப்பது புத்திசாலித்தனம்.

அடுத்து பாட்டின் அளவு. காது ஓரளவு பழகியவர்களுக்கு எளிய வழி: பாட்டின் ஆதார சட்ஜத்தை, அதாவது மெட்டு ஊன்றி நிற்கும் 'ச' சுரத்தைக் கண்டுபிடியுங்கள். பல்லவியின் முடிவு பெரும்பாலும் அங்கேதான் வந்து அமரும். பிறகு சரணத்தின் உச்சி எந்தச் சுரம் என்று பாருங்கள். ஆண் பாட்டு ஒன்றரைக் கட்டை, உச்சி மேல் ஸ்தாயி அந்தர காந்தாரம் (பெரிய 'க') என்றால், சட்ஜத்திலிருந்து மேல் சட்ஜம் 12, அங்கிருந்து காந்தாரம் 4, ஆக 16 அரைச்சுரம். ஒன்றரைக் கட்டையான சி ஷார்ப் 3-லிருந்து 16 எண்ணினால் எஃப் 4-இல் நிற்கும். சாதாரண ஆண் குரலுக்கு அது முடியும் முடியாது என்ற எல்லைக்கோடு. உச்சி பஞ்சமம் ('ப') என்றால் யோசிக்கவே வேண்டாம், சுருதியை இறக்காமல் அந்தப் பாட்டை எடுக்கக்கூடாது.

காது பழகாதவர்கள் செயலியை வைத்துக்கொண்டு, இயர்போனில் மூலப் பாட்டைக் கேட்டபடி கூடவே மெதுவாகப் பாடி, மிகக் கீழான சுரத்தையும் மிக மேலான சுரத்தையும் குறித்துக்கொள்ளலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: உச்சியில் நீங்கள் அறியாமலே ஒரு ஸ்தாயி கீழே இறங்கிப் பாடிக்கொண்டிருக்கலாம். பெண் குரல் பாட்டைப் பாடும் ஆண்களுக்கு இது எப்போதும் நடக்கும். எழுத்து சரியாக இருந்து எண் ஒன்று குறைவாக இருந்தால் அதுதான் காரணம்.

எண்ணை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாட்டு சி 3-இல் தொடங்கி ஜி 4 வரை போகிறது, 19 அரைச்சுர அகலம். பாடுபவரின் கையிருப்பு ஏ 2 முதல் ஈ 4 வரை, அதுவும் 19. மூன்று அரைச்சுரம் இறக்கினால் அச்சில் வார்த்ததுபோல் பொருந்தும். இப்போது இன்னொருவர், கையிருப்பு ஏ 2 முதல் டி 4 வரை, 17 மட்டும். இவர் மூன்று இறக்கினால் மேலே இரண்டு இடிக்கும். ஐந்து இறக்கினால் கீழே இரண்டு தொங்கும். சுருதிப் பொத்தான் பாட்டை ஏற்றி இறக்குமே தவிர அதன் அகலத்தைக் குறைக்காது. பலரும் தடுமாறும் இடம் இதுதான். எத்தனை முறை அழுத்தினாலும் சரியாக வரவில்லை என்றால் கோளாறு கருவியில் இல்லை, பாட்டு உங்களைவிட அகலம்.

அந்த நிலையில் எதை விட்டுக்கொடுப்பது? கீழ்ச்சுரத்தை என்பேன். கீழே குரல் எட்டவில்லை என்றால் வாய் அசைகிறது, சத்தம் சன்னமாக இருக்கிறது, அவ்வளவுதான். மைக்கை உதட்டருகே கொண்டுவந்தால் பாதியைக் காப்பாற்றிவிடலாம். மேலே எட்டவில்லை என்றால் அடுத்த புளோக்குக்கும் தெரியும். இருந்தாலும் முடிவெடுக்கும் முன் உச்சிச் சுரம் தொட்டுவிட்டு இறங்குகிறதா, நின்று நீள்கிறதா என்று பாருங்கள். தொட்டுவிட்டுப் போவது கூரையை ஒன்று தாண்டினாலும் கடந்துவிடலாம். மூன்று விநாடி நின்று நீள்வது கையிருப்புக்குள்ளேயே இருக்க வேண்டும்.

உச்சியில் என்ன சொல் வருகிறது என்பதையும் கவனியுங்கள். நீண்ட 'ஆ' அல்லது 'ஓ' வந்தால் தொண்டை திறந்து வழிவிடும். 'ஈ', 'ஊ' வந்தால் பெரும்பாலோருக்கு வாய் இறுகிக் குரல் நெரிபடும். ஒரே உச்சி, ஒரே சுருதி, முதல் சரணத்தில் வந்தது இரண்டாம் சரணத்தில் வராமல் போகிறதென்றால் பாதி நேரம் காரணம் இந்த உயிரெழுத்துதான். 'ஈ'யைச் சற்று 'ஏ' பக்கம் சாய்த்து வாயைத் திறந்து பாடினால் கேட்பவருக்கு 'ஈ'யாகவே கேட்கும். இரண்டு சரணத்தையும் தனித்தனியாகச் சோதிக்கச் சொல்வது இதனால்தான்.

அகலம் மட்டும் பார்த்தால் போதுமா என்றால், போதாது. பாட்டு அதிக நேரம் எங்கே குடியிருக்கிறது என்பதும் முக்கியம். குத்துப்பாட்டும் கானாவும் இதற்கு நல்ல உதாரணம். எட்டு ஒன்பது அரைச்சுரத்துக்குள் முடிந்துவிடும் மெட்டுகள் அவற்றில் ஏராளம். சுலபம் என்று நினைத்து எடுப்பார்கள். ஆனால் அந்த எட்டும் கூரைக்குப் பக்கத்திலேயே இருக்கும், மூச்சுவிட இடம் கொடுக்காமல் உரக்கப் பாட வேண்டும். இரண்டாம் சரணத்துக்குள் தொண்டை கட்டிவிடும். மாறாக ஒரு மெலடி ஒரே ஒருமுறை உச்சிக்குப் போய்விட்டு மீதி நேரமெல்லாம் கீழே உலவினால் அது உங்களைக் களைப்படைய வைக்காது.

பாடகரை வைத்தும் ஒரு முதல் வடிகட்டல் செய்யலாம். பி.பி. ஸ்ரீநிவாஸ் பாடியவை பொதுவாக மென்மையாக, சத்தம் போடாமல் பாடக்கூடியவை. கனத்த குரல்காரர்களுக்குப் பொருந்தும், ஆனால் நீண்ட மூச்சு வேண்டும். டி.எம். சௌந்தரராஜன் பாட்டுகளில் மேல் ஸ்தாயியையும் நெஞ்சுக் குரலிலேயே முழங்க வேண்டும். கள்ளக் குரலில் தப்பிக்கப் பார்த்தால் பாட்டே செத்துவிடும். சீர்காழி கோவிந்தராஜன் பாட்டை மூலச் சுருதியிலேயே பாடுவேன் என்பவரை நான் தடுக்கமாட்டேன், வேடிக்கை பார்ப்பேன். பெண்களுக்குப் பழைய பாட்டுகள் பெரும்பாலும் உயரமானவை. 1990-களுக்குப் பிறகு வந்தவற்றில் கீழ்க்குரலில் இதமாகப் பாடக்கூடியவை நிறைய. பழைய பாட்டு பிடிக்கும் ஆனால் உயரம் எட்டவில்லை என்பவர்கள் மூன்று இறக்கிப் பாருங்கள். கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை. வயதாக ஆகப் பெண் குரல் கொஞ்சம் தாழ்வது இயல்பு. இருபது வருடத்துக்கு முன்னால் உங்களுக்குப் பொருந்திய சுருதி இன்றைக்கும் பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

ஜோடிப் பாட்டுதான் பெரிய சிக்கல். ஆணுக்கு ஒரு கட்டை, பெண்ணுக்கு ஐந்து கட்டை என்பது பழகிய கணக்கு. இரண்டுக்கும் இடைவெளி 7 அரைச்சுரம். ஆனால் ஒரே மெட்டை இருவரும் ஒரே சுருதியில் பாடினால் இடைவெளி 12 ஆக இருக்கும், அல்லது ஒன்றுமே இருக்காது. ஒரு கட்டையிலேயே வைத்தால் பெண் எட்டுக் கட்டைக்குப் போக வேண்டும், அல்லது ஆணின் குரலிலேயே முனக வேண்டும். நடுவில் சந்திக்க ஒரு வழி: இரண்டு இறக்கி ஆறரைக் கட்டைக்குக் கொண்டுவாருங்கள். ஆண் தன் வசதியைவிட இரண்டு கீழே, பெண் தன் வசதியைவிட மூன்று மேலே. யாருக்கும் முழுத் திருப்தி இருக்காது, யாருக்கும் குரல் கிழியாது. ஒத்திகையில் இரண்டு இடத்தை மட்டும் சோதித்தால் போதும்: ஆணின் மிகக் கீழான வரி, பெண்ணின் மிக உயரமான வரி. அகலம் ஒரு ஸ்தாயியைத் தாண்டாத பாட்டாகப் பார்த்து எடுத்தால் வேலை இன்னும் சுலபம்.

சரி, இறக்குவது எப்படி? கேடிவி எனப்படும் கரவோக்கே அறைகளில் தமிழ்ப் பாட்டுப் பட்டியல் பொதுவாகச் சின்னது. கருவியின் திரையில் சுருதியை ஏற்றவும் இறக்கவும் பொத்தான் இருக்கும். பல இடங்களில் சீன எழுத்தில்தான் இருக்கும், பக்கத்திலுள்ள மேல் அம்பு, கீழ் அம்பு, அல்லது ஷார்ப், ஃபிளாட் குறியைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். பாட்டு ஓடத் தொடங்கிய பின் மாற்றாதீர்கள். பல கருவிகளில் அடுத்த பாட்டுக்குப் போனதும் சுருதி பழையபடி பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும், சிலவற்றில் திரும்பாது. முந்தையவர் மூன்று ஏற்றி வைத்துவிட்டுப் போயிருந்தால் உங்கள் கதை கந்தல்.

சமூக மன்றத்திலும் வீட்டிலும் பெரும்பாலும் யூடியூப் டிராக்தான், அதாவது பாடகர் குரல் இல்லாத பின்னணி இசை. அங்கே வேகத்தைக் குறைத்தால் சுருதியும் இறங்கும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. இறங்காது. யூடியூப் வேகத்தை மட்டும் மாற்றி, சுருதியை அப்படியே வைத்துக்கொள்ளும். வேகம் குறைய சுருதியும் குறைந்தது டேப் காலத்துக் கதை. அப்போது ஆறு விழுக்காடு மெதுவாக்கினால் ஏறக்குறைய ஓர் அரைச்சுரம் இறங்கும். இப்போது டிராக் கோப்பைக் கணினியில் வைத்து ஒடாசிட்டி என்ற இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்து, முழுவதையும் தேர்ந்தெடுத்து, எஃபெக்ட் பட்டியலில் சேஞ்ச் பிட்ச்சுக்குப் போய், செமிடோன் கட்டத்தில் கழித்தல் மூன்று என்று கொடுங்கள். ஹை குவாலிட்டி ஸ்ட்ரெச்சிங் கட்டத்தையும் டிக் செய்தால் கொஞ்சம் நேரம் எடுக்கும், ஒலி சுத்தமாக வரும். மூன்று வரை பெரிதாகப் பழுது தெரியாது. நாலைத் தாண்டினால் தபேலா தொப்பென்று ஒலிக்கும், வயலின்களில் ஒரு நீர்க்குமிழிச் சத்தம் கேட்கும். தாளவாத்தியம் முன்னே நிற்கும் பாட்டில் இது இன்னும் சீக்கிரம் தெரியும். மிடி வகை டிராக், அதாவது பதிவான ஒலிக்குப் பதில் சுரக் குறிப்புகளை வைத்திருக்கும் கோப்பு, கிடைத்தால் இந்தத் தொல்லை இல்லை. சுரம் ஒவ்வொன்றும் புதிதாகவே ஒலிக்கும், தாளம் தனிச் சேனலில் இருப்பதால் அசையாது.

இன்னொன்று: டிராக்கின் சுருதி மூலப் பாட்டின் சுருதியாகவே இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். பழைய பதிவுகள் சில இரண்டு கட்டைகளுக்கு நடுவில் எங்கேயோ நிற்கும். டிராக் செய்பவர் பக்கத்துக் கட்டைக்கு நகர்த்திவிடுவார், அல்லது தன் பாடகருக்கு ஏற்ற மாதிரி ஒன்று இரண்டு மாற்றியிருப்பார். நீங்கள் அளந்தது மூலப் பாட்டை, பாடப்போவது டிராக்கில். ஆகவே கடைசிக் கணக்கை டிராக்கை வைத்தே போடுங்கள்.

பெண் பாட்டைப் பாட ஆசைப்படும் ஆண்களுக்கு: ஐந்து கட்டையை ஒரு கட்டைக்குக் கொண்டுவர ஏழு இறக்க வேண்டும். டிராக் நாசமாகிவிடும். ஐந்து ஏற்றி, ஒரு ஸ்தாயி கீழே பாடினாலும் அதே ஒரு கட்டைதான் வரும், டிராக் சற்றுக் கீச்சென்றாலும் ஏழைவிடத் தேவலை. அதைவிட நல்லது, இரண்டு அல்லது மூன்று மட்டும் ஏற்றி, ஒரு ஸ்தாயி கீழே பாடி, கீழ்ச்சுரங்கள் எட்டுகின்றனவா என்று பார்ப்பது. கனத்த குரலுக்கு இது அழகாகவே அமையும்.

பாடும் இடமும் சுருதியைத் தின்னும். வெற்றுத்தளத்தின் தாழ்ந்த கான்கிரீட் கூரையும் டைல் தரையும் ஒலியைத் திருப்பி அடிக்கும். உங்கள் குரல் உங்களுக்கே தாமதமாகக் கேட்பதால், கேட்கவில்லை என்று நினைத்து இன்னும் கத்துவீர்கள், சுருதி விலகும். அங்கே மிக்ஸரில் எக்கோவைக் கால்பங்குக்கு மேல் வைக்காதீர்கள், ஸ்பீக்கரில் ஒன்றையாவது உங்கள் பக்கம் சற்றுத் திருப்பி வையுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் அங்கே உச்சி நிறைந்த பாட்டு எதுவுமே வேண்டாம். அதற்குக் காரணம் இசை சம்பந்தப்பட்டதல்ல. புளூடூத் ஸ்பீக்கரில் டிராக் ஓடினால் ஒலி ஒரு துளி தாமதித்து வரலாம், திரையில் ஓடும் வரிக்குப் பின்தங்குவீர்கள். ஒயர் போட்டு இணைத்தால் இந்தத் தொல்லை தீர்ந்தது. மைக்கைக் கீழ்ச்சுரத்தில் இரண்டு விரல் தூரத்தில் வைத்து, உச்சிக்கு முன் ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். அதன் தலையைக் கையால் பொத்தாதீர்கள், வீலென்று அலறும்.

கேடிவி அறைக் குளிரூட்டி தொண்டையை உலர்த்திவிடும். ஐஸ் லெமன் டீ அந்த நேரத்துக்கு இதமாக இருந்தாலும் அடுத்த பாட்டில் உச்சி இறுகும். தே தாரிக் குடித்தால் பால் தொண்டையில் படிந்ததுபோல் கனைத்துக்கொண்டே இருப்பீர்கள். வெறும் தண்ணீர், அறை வெப்பத்தில், ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் இரண்டு மிடறு. முதல் பாட்டாக அகலம் குறைந்த ஒன்றை எடுங்கள். கடினமானதை மூன்றாவது நாலாவதாக வையுங்கள், குரல் சூடேறியிருக்கும், இன்னும் களைத்திருக்காது. ஒன்பதாவதாக வைத்தால் கூரை ஒன்றிரண்டு அரைச்சுரம் இறங்கியிருக்கும்.

போட்டிக்கோ மேடைக்கோ போவதாக இருந்தால் தம்ப் டிரைவில் ஒரே டிராக்கை இரண்டு சுருதியில் வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் தீர்மானித்தது ஒன்று, அதைவிட ஓர் அரைச்சுரம் குறைந்தது இன்னொன்று. கோப்பின் பெயரிலேயே 'குறைவு 3', 'குறைவு 4' என்று எழுதிவிடுங்கள். அன்று மாலை மேடைக்குப் பின்னால் சரணத்தின் கடைசி வரியை மட்டும் ஒருமுறை மெதுவாகப் பாடிப் பார்த்துவிட்டு, எந்தக் கோப்பு என்று ஒலிப்பதிவாளரிடம் சொல்லுங்கள். பாட்டின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு மேடையேறினால் அவர் பட்டியலில் முதலில் இருப்பதைத்தான் போடுவார்.